கப்பல் சுற்றுலாவுக்கு நம் பாட்டிலை நாமே கொண்டு போகலாமா?

செக்காலைவாசி எழுதியது:

மாசியில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம். அது முடிந்த கையோடு குடும்பமாகச் சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ராயல் கரீபியன் கப்பல், நான்கு இரவுப் பயணம். விமானம் திருச்சியிலிருந்து. டிக்கெட் எல்லாம் எடுத்தாகிவிட்டது.

இப்போது வீட்டில் நடக்கும் பேச்சு வேறு. சித்தப்பாவும் அவருடைய சகலையும் இரவில் அளவாக விஸ்கி குடிப்பவர்கள். கப்பலில் ஒரு கிளாஸ் என்ன விலை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, "ஊரிலிருந்தே இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்வோம்" என்கிறார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரோ, "துணிக்கு நடுவே சுருட்டி வைத்துவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். அப்பச்சி குடிப்பவர் அல்லர். ஏறுகிற இடத்தில் நாலு பேர் முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவருக்கு உறுத்தல். விதி உண்மையில் என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாய்மரம் எழுதியது:

தம்பி, நான் புதுவயல்காரன். கப்பல் சுற்றுலா நிறுவனங்களில் சரக்கறைப் பிரிவில் பல காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கப்பலில் விஸ்கி, பிராந்தி, ரம், பீர் எதையும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. அனுமதி ஒயினுக்கும் ஷாம்பெயினுக்கும் மட்டும்தான். குடிக்கும் வயதை எட்டிய ஒவ்வொருவரும், ஏறுகிற முதல் நாளில் மட்டும், 750 மி.லி. அளவில், மூடி திறக்காத பாட்டில் ஒன்று கொண்டுவரலாம். அதை உங்கள் அறையில் குடித்தால் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போய்த் திறக்கச் சொன்னால் பாட்டிலுக்கு 15 டாலர் கார்க்கேஜ் கட்டணம். ஆசியாவிலிருந்து புறப்படும் இந்தக் கப்பல்களில் குடிக்கும் வயது 18. அமெரிக்காவிலிருந்து புறப்பட்டால் 21.

ஒயின் கொண்டுபோவதென்றால் கைப்பையில் வையுங்கள். அவரவர் பாட்டிலை அவரவர் எடுத்துச் செல்லட்டும். ஒருவர் பையில் நாலு பாட்டில் இருந்தால் வரிசையில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இது எல்லா நிறுவனத்துக்கும் பொது விதி அல்ல. கார்னிவல் கப்பலிலும் ஆளுக்கு ஒரு ஒயின்தான். நார்வீஜியனில் ஒயின் எத்தனை வேண்டுமானாலும் கொண்டுவரலாம், ஆனால் ஒவ்வொரு 750 மி.லி. பாட்டிலுக்கும் ஏறும்போதே கார்க்கேஜ் கட்ட வேண்டும். எம்.எஸ்.சி. கப்பலில் ஒன்றுமே கூடாது. பீருக்குக் கொஞ்சம் இடம் கொடுப்பவர்கள் டிஸ்னிக்காரர்கள். அமெரிக்காவிலிருந்து புறப்படும் அவர்களுடைய கப்பல்களில் 21 வயதானவர் இரண்டு ஒயின் அல்லது ஆறு பீர் கொண்டுவரலாம். அங்கும் விஸ்கிக்கு இடமில்லை. ஆக, சித்தப்பா இவற்றில் எந்தக் கப்பலுக்கு மாறினாலும் விஸ்கிக்கு இதே கதைதான்.

நாச்சியாபுரத்தான் எழுதியது:

பாய்மரம் அண்ணன் சொல்வது விதி. அந்த விதி நியாயமா என்று யாரும் கேட்பதில்லையே. டிக்கெட்டுக்குத் தனிப் பணம், துறைமுக வரி தனி, சிப்பந்திகளுக்கான தொகை தனி. அதற்கு மேல் ஒரு கிளாஸ் விஸ்கிக்குக் காரைக்குடியில் ஒரு பாட்டில் வாங்கும் பணத்தைக் கேட்கிறார்கள். நடுக்கடலில் வேறு கடை இல்லை என்பதால்தானே இந்த விலை? ஏறியவன் இறங்க முடியாது என்று தெரிந்து வைக்கிற விலையை நான் வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்குத் தெரிந்தவர்கள் வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் பச்சைச் சாயம் கலந்து கொண்டுபோயிருக்கிறார்கள். மடித்தால் தட்டையாகிவிடும் பிளாஸ்டிக் பைகள் இதற்கென்றே விற்கின்றன. நல்லெண்ணெய் பாட்டிலில் ரம் ஊற்றி எடுத்துப் போனவரும் உண்டு. வயதானவர்கள் பையை யாரும் குடைவதில்லை. அப்பத்தா இருந்தால் அவர் பையில் வைத்துவிட்டால் போதும்.

பாய்மரம் எழுதியது:

தம்பி நாச்சியாபுரத்தான், விலையைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

பெட்டிகள் எப்படிப் போகின்றன என்று சொல்கிறேன். சிங்கப்பூரில் மரினா பே குரூஸ் சென்டரில் பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கி, அறை எண் எழுதிய அட்டையைக் கட்டிவிடுவார்கள். அது கப்பலுக்குள் வருவதற்கு முன் ஊடுகதிர்க் கருவிக்குள் போகும். கருவியின் முன் உட்கார்ந்திருப்பவர் காலை முதல் மாலை வரை பாட்டில்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிப் பாட்டில் எப்படித் தெரியும், திரவம் நிறைந்த பை எப்படித் தெரியும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு பயணி இத்தனை பெரிய கொப்பளிப்பு மருந்தை நாலு நாளுக்கு ஏன் கொண்டுவருகிறார் என்று கேட்க அவருக்குப் படிப்புத் தேவையில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தால் முடிந்தது. சந்தேகப்பட்ட பெட்டி அறை வாசலுக்கு வராது. மற்றவர்கள் பெட்டி எல்லாம் வந்து சேர்ந்திருக்கும், உங்களுடையது மட்டும் வந்திருக்காது. பாதுகாப்பு அறைக்கு வந்து பெட்டியை நீங்களே திறக்க வேண்டும் என்று தகவல் வரும்.

அந்த அறை வாசலில் நின்ற ஓர் ஆத்தாளை நான் பார்த்தேன். தமிழ்க் குடும்பம். மகன் எண்ணெய் பாட்டிலில் ரம்மை ஊற்றித் தாயின் பெட்டியில் வைத்திருக்கிறான், அவரிடம் சொல்லவில்லை. பெட்டி அவர் பெயரில் இருந்ததால் அவரைத்தான் அழைத்தார்கள். ஆங்கிலம் தெரியாது. திருட்டுப் பட்டம் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து அந்த அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அதிகாரி நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் மொழிபெயர்க்கப் போனேன். பாட்டிலைக் கொட்டியதோடு விட்டுவிட்டார்கள், அபராதம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் பயணம் முடியும்வரை சாப்பாட்டுக் கூடத்தில் தலை நிமிரவில்லை. உங்களுக்கு ரம் வேண்டுமென்றால் அந்த அவமானத்தையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். பெற்றவள் தலையில் அதை ஏற்றாதீர்கள்.

விதிக்குக் காரணம் வருமானம் என்பது உண்மை. குடியும் சூதாட்டமும் கடைகளும் இல்லாமல் அந்த டிக்கெட் விலைக்குக் கப்பல் ஓட்ட முடியாது. ஆனால் காரணம் அது மட்டுமல்ல. பாரில் ஊற்றுகிறவருக்கு, யார் எத்தனையாவது கிளாஸ் என்று கணக்கு உண்டு. தள்ளாடுகிறவரிடம், "இன்றைக்குப் போதும்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கார்னிவல் கப்பலில் நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டும் குடிப் பொட்டலம் (பேக்கேஜ்) வாங்கியவருக்கே 24 மணி நேரத்தில் 15 மதுக் கிளாசுக்கு மேல் கிடையாது. பூட்டிய அறைக்குள் பாட்டிலைத் திறந்துவைத்துக் குடிப்பவரை யார் கவனிப்பது? அறைக்கு வெளியே பால்கனி, பால்கனிக்குக் கீழே கடல். மருத்துவரும் ஒரு சிறிய மருத்துவ அறையும்தான் அங்கே இருக்கும்.

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

பாய்மரம் தம்பி எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. என் பெட்டியில் எனக்குத் தெரியாமல் ஒரு பொருளை வைக்கிற மகனை நான் சும்மா விடமாட்டேன்.

செக்காலை தம்பிக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. பாட்டில் வேண்டாம் என்றதும் வீட்டு ஆண்கள் அடுத்ததாகக் குடிப் பொட்டலம் எடுத்துவிடலாம் என்பார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு விருப்பப்படி குடிப்பது. அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். ராயல் கரீபியன் உட்படப் பல நிறுவனங்களில், ஓர் அறையில் ஒருவர் மதுப் பொட்டலம் எடுத்தால் அதே அறையில் இருக்கும் மற்ற வயது வந்தவரும் எடுத்தாக வேண்டும். சித்தப்பா எடுத்தால் சித்தியும் எடுக்க வேண்டும். சித்தி வாயில் ஒரு சொட்டுப் படாமல் அந்தப் பணம் போகும். குடிக்காதவருக்கு மதுவில்லாத பானங்களின் பொட்டலமாக மாற்றித் தரச் சொல்லி, பயணத்துக்கு முன்பே கேட்டுப் பார்க்கலாம். தந்தால் நல்லது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், விலைகளை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் நாளுக்கு 70 டாலர் என்றால் நாலு நாளுக்கு 280. அதன் மேல் 18 சதவீதச் சேவைத் தொகை சேர்ந்தால் 330 டாலர். கணவன் மனைவி இருவருக்கும் 660. கிளாஸ் கணக்கில் வாங்கினால், ஒரு விஸ்கி 12 டாலர், 18 சதவீதம் சேர்த்து 14 டாலர் 16 செண்ட். இரவுக்கு இரண்டு கிளாஸ், நாலு இரவு, மொத்தம் 113 டாலர். "அளவாகக் குடிப்பவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவருக்கு 113 டாலர்தான் கணக்கு, பொட்டலம் அவருக்கு உரியது அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறுபதாம் கல்யாணம் முடித்துப் போகிறவர்கள் அறையில் விளக்கேற்றலாம், சாம்பிராணி போடலாம் என்று நினைப்பீர்கள். கூடாது. மெழுகுவத்தி, ஊதுவத்தி, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி எல்லாமே தீ பயத்தால் தடை. வீட்டில் செய்த பலகாரத்தையும் ஏற்ற விடமாட்டார்கள். சீப்புச் சீடையும் மணகோலமும் கடையில் முத்திரையோடு அடைத்த பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மலாயாக்காரர் பேரன் எழுதியது:

எங்கள் ஐயா கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவர்களில் ஒருவர். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளப் பயணிகள் ஆயிரக்கணக்கில் போனார்கள். அரிசி, வற்றல், ஊறுகாய், படுக்கை என்று வேண்டியதையெல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் ஏறினார்கள். கப்பல்காரன் அதற்குக் காசு கேட்கவில்லை. நாச்சியாபுரத்தான் சொல்வதில் எனக்கு நியாயம் தெரிகிறது. பயணி தன் பொருளைத் தானே கொண்டுபோவது நம் வழக்கத்தில் இருந்ததுதான்.

பாய்மரம் எழுதியது:

ஐயாவின் பயணத்தை மரியாதையோடு படித்தேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ரஜூலா ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பிழைக்கப் போகிறவர்களை ஏற்றியது. தளத்தில் இடம் மட்டும் கொடுத்தது, அதனால் மற்றதை நாம் கொண்டுபோனோம். இந்தக் கப்பல் இறங்கும் ஊருக்காக ஓடுவதில்லை, கப்பலே விடுதியாக ஓடுகிறது. இன்னொன்று, ஐயா எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை. பெட்டியைத் திற என்றால் திறந்து காட்டியிருப்பார். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நாச்சியாபுரத்தான் எழுதியது:

அண்ணன், அந்த அம்மாளின் கதையைப் படித்தபின் அப்பத்தா பையைப் பற்றி நான் சொன்னதை விட்டுவிடுகிறேன். விலை அநியாயம் என்பதை விடமாட்டேன். விமானநிலையத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு விலை வைத்ததை எதிர்த்து எத்தனை பேர் குரல் கொடுத்தார்கள். கப்பலில் ஏறியவனுக்கு மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை? எழுதிக் கேட்போம். பயணம் முடிந்ததும் கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்புகிறார்கள் அல்லவா, அதில் ஒவ்வொருவரும் இதை எழுதட்டும்.

பாய்மரம் எழுதியது:

எழுதுங்கள். அந்தப் படிவங்களை உண்மையிலேயே படிக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். முதலில் என் கையெழுத்தைப் போடுகிறேன்.

சிராங்கூன்வாசி எழுதியது:

எனக்குச் சொந்த ஊர் கொத்தமங்கலம், இருப்பது சிங்கப்பூரில். கப்பல் விதியை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் சிங்கப்பூர் சுங்கம் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் கப்பல்.

முதலில் விமானம். கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் செல்லாது. அதனால் பாட்டில் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். 24 முதல் 70 சதவீதம் வரை சாராயச் சத்து உள்ளவை ஆளுக்கு 5 லிட்டர் வரை, கடையில் வாங்கியபடியே மூடி திறக்காமல் இருக்க வேண்டும். விஸ்கியெல்லாம் இந்த வகைதான்.

அடுத்து சுங்கம். வரியில்லாமல் கொண்டுவர 18 வயது ஆகியிருக்க வேண்டும், 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. திருச்சியிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. அளவு மொத்தம் 2 லிட்டர், அதில் விஸ்கி போன்றவை 1 லிட்டருக்கு மேல் கூடாது. 1 லிட்டர் விஸ்கியோடு 1 லிட்டர் ஒயின் கொண்டுவரலாம். விஸ்கியே இல்லையென்றால் 2 லிட்டரும் ஒயினாக இருக்கலாம். இரண்டு விஸ்கி பாட்டிலை ஒருவரே கொண்டுவந்தால் அளவு மீறிவிடும், சிவப்பு வழியில் போய் அறிவித்து வரி கட்ட வேண்டும். வரி சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). 40 சதவீத விஸ்கி ஒரு லிட்டருக்கு 35 வெள்ளி 20 காசு, அதன் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.

சித்தப்பாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். கப்பலுக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து உறவினர் வீட்டில் தங்குவீர்கள் என்று நினைக்கிறேன். அவரும் சகலையும் ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவரட்டும். வீட்டில் வைத்து நிம்மதியாகக் குடிக்கட்டும். மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறலாம், திரும்பி வந்ததும் அது காத்திருக்கும். வீட்டுக்குள் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியா இன்னும் கடுமையான கட்டுப்பாட்டுப் பகுதி. சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் திங்கட்கிழமை காலை ஏழு வரை அங்கே பொது இடத்தில் பாட்டிலைத் திறக்கவே கூடாது. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகிற அன்று காலையாவது அதைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் பசும்பொன் எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். சென்னையிலிருந்து புறப்பட்ட கார்டிலியா கப்பலுக்கும் இதே விதிதானா? பல்லவன் ரயில் ஏறினால் சென்னை, அங்கிருந்து கப்பல் என்று எங்கள் வீட்டில் ஒரு யோசனை.

பாய்மரம் எழுதியது:

2022 ஜூனில் சென்னையிலிருந்து தொடங்கியது அல்லவா, அந்த எம்பிரஸ் கப்பல். பழைய ராயல் கரீபியன் கப்பல்தான் அது, 1990இல் வந்தது. அதில் வெளி மது எதற்கும் அனுமதி இல்லை, ஒயினும் சேர்த்து. உள்ளே வாங்கித்தான் குடிக்க வேண்டும். அவர்களுடைய இலட்சத்தீவுப் பயணம் எடுப்பீர்களானால் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே பங்காரம் தீவு தவிர மற்ற இடங்களில் மதுவிலக்கு. கப்பலில் வாங்கியதைக் கையில் எடுத்துக்கொண்டு தீவில் இறங்க முடியாது.

செக்காலைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழை முழுவதையும் அப்பச்சிக்கும் சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அந்த அம்மாளின் கதை வந்தபோது சித்தப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "கப்பலில் என் பாட்டில் எதுவும் ஏறாது" என்று அவரே சொன்னார். ஆச்சியின் கணக்கைப் பார்த்துப் பொட்டலத்தையும் விட்டுவிட்டார்கள், கிளாஸ் கணக்குத்தான். மணிவிழா இரவு மேசையில் திறக்க ஒரே ஒரு ஒயின், கப்பல் ஏறும்போது சித்தப்பா கைப்பையில். 15 டாலரை அப்பச்சி தருவதாகச் சொல்கிறார்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம். ஊரில் அம்மானுக்கு ஒரு நல்ல பாட்டில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். புக்கெட்டில் வாங்கலாமா, கப்பல் கடையிலா, சிங்கப்பூரின் சாங்கி விமானநிலையத்திலா?

சிராங்கூன்வாசி எழுதியது:

சாங்கியில் வாங்குங்கள். துறைமுகத்தில் வாங்கினாலும் கப்பல் கடையில் வாங்கினாலும் அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் கையில் தருவார்கள். அதன்பின் அது சிங்கப்பூர்ச் சுங்கத்தைத் தாண்ட வேண்டும். கடைசித் துறைமுகம் புக்கெட் என்றால் தாய்லாந்திலிருந்து வருவதாகக் கணக்கு, 48 மணி நேரமும் ஆகியிருக்கும், சலுகை உண்டு. பினாங்கு கடைசியாக வந்தால் மலேசியாவிலிருந்து வருவதாகிவிடும், ஒரு சொட்டுக்கும் சலுகை இல்லை. மலேசியாவின் லங்காவித் தீவில் மலிவு என்று அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் பயணத் திட்டத்தில் எந்த ஊர் கடைசி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாங்கியில் வாங்கினால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. முத்திரையிட்ட பையில் தருவார்கள், திருச்சியில் இறங்கும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. ரசீது அந்தப் பைக்குள்ளேயே இருக்கட்டும், சுங்கத்தில் கேட்டால் உடனே காட்டலாம்.